மேல்மாடியில் ஒரு குளம்

தண்ணீருக்கு நிறையுண்டு என்பது எட்டாம் வகுப்பு மாணவனும் அறிந்த செய்தி. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். ஒரு கன மீற்றர் தண்ணீர் 1,000 கிலோகிராம். கிணற்றில் அள்ளிக் குடத்தில் நிரப்பி இடுப்பிற் சுமந்து பழகிய எம் தாய்மாருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே தண்ணீரைக் கண்ணாடிப் பெட்டியொன்றில் ஊற்றி, உள்ளே நாலு மீனை நீந்தவிட்டு, மேலே ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டால் அதன் பாரம் எப்படியோ எம் நினைவை விட்டு அகன்றுவிடுகிறது. பார்ப்பவர் கண் மீனிலேதான் நிற்கும். பெட்டியின் கீழேயுள்ள தரையை எவரும் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் அத்தகைய பெட்டியொன்று எம் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பதினும் ஒப்படைக்கப்பட்டது என்பதே பொருந்தும். அக்காவும் அத்தானும் தம் ஒரே மகனுடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டை வாடகைக்குக் கொடுத்தாயிற்று. தளபாடங்களை உறவினர் பங்கிட்டுக்கொண்டனர். மருமகன் ஆறாண்டாகப் பேணி வளர்த்த மீன்தொட்டி மட்டும் எஞ்சி நின்றது. அவனுக்கும் எம் மகனுக்கும் ஒரே வயது. இருவரும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே அந்தத் தொட்டிக்கு முன்னே முழங்காலிட்டுக் கிடந்தவர்கள். ஆகவே அதனை விற்கும் பேச்சை எவரும் எடுக்கவில்லை. "மச்சான் திரும்பி வருமட்டும் நான் வைச்சிருப்பன்" என்று மகன் சொன்னான். பதினாறு வயதுப் பிள்ளை அதிகம் பேசுபவன் அல்லன். அந்த ஆண்டில் அவன் எம்மிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அத்தொட்டியின் அளவைச் சொன்னால் வாசகர் எம் கவலையை உணர்வர். நீளம் ஐந்து அடி, அகலம் இரண்டு அடி, உயரம் இரண்டு அடி. மீற்றர்க் கணக்கிற் கூறின் 150, 60, 60 சென்ரிமீற்றர். விளிம்புவரை நிரப்பினால் 540 லீற்றர். எவரும் விளிம்புவரை நிரப்புவதில்லை. கூழாங்கல்லும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் 465 கிலோகிராம் எனக் கொண்டோம். பன்னிரண்டு மில்லிமீற்றர் தடிப்பான கண்ணாடி 100, அடியிற் பரப்பிய கல் 70, இரும்புத் தாங்கியும் விளக்கும் மூடியுமாக 65. கூட்டினால் 700 கிலோகிராம். பதினான்கு சீமெந்து மூடைகளை ஒரு மேசையளவான இடத்தில் அடுக்கி வைப்பதற்கு ஒப்பானது.

இதனைக் கீழ்த்தளத்தில் வைத்தால் தொல்லையில்லை. தரையைப் பூமி தாங்கும். ஆனால் எம் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடம் ஏது? முன் விறாந்தையில் மாலை வெயில் நேரே விழும். பத்து நாளில் தொட்டி முழுவதும் பச்சைப் பாசி படர்ந்துவிடும். நடுக்கூடத்தில் மாலையில் மாணவர் இருபது பேர் பௌதிகவியல் படிக்கின்றனர். மற்றையது சுவாமியறை, அடுத்தது சமையலறை, கடைசி அறை அம்மாவினது. மேலும் 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் கொணர்ந்த வெள்ளம் எம் கூடத்தில் முழங்காலளவு நின்றது. அதனைக் கண்டவர் மின்கம்பி தொடுக்கும் பொருளைத் தாழ்வான இடத்தில் வைக்கத் துணியார். எஞ்சியது மேல்மாடியில் மகனின் அறை ஒன்றே. அந்த அறைக்கு நேர் கீழேதான் அம்மாவின் அறை இருக்கிறது.

எமது பாட்டனார் 1938இற் கட்டிய வீடு இது. சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேல்மாடித் தரை கொங்கிறீற் அன்று, மரமே. பன்னிரண்டு அடி அகலத்தைத் தாண்டிச் சுவரிலிருந்து சுவருக்கு முதிரை மரத் தீராந்திகள் கிடக்கின்றன. உத்தரத்தைத் தீராந்தி என்பது போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் போன பின்னும் எம் முற்றத்துத் தச்சர் அதனை விடவில்லை. ஒவ்வொன்றும் மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை அடி இடைவெளி. அவற்றின் மேல் வேப்பம்பலகை பரப்பப்பட்டுள்ளது.

எம்மிடம் பயின்று இப்போது கட்டடப் பொறியியலாளராயிருக்கும் மாணவர் ஒருவரை அழைத்தோம். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "சேர், இதைக் கீழே வைக்கலாமே" என்பது. முடியாமைக்குக் காரணங்களைக் கூறினோம். அவர் சிரித்துக்கொண்டு அளவுநாடாவை எடுத்தார்.

வீட்டுத் தரையொன்று எவ்வளவு பாரத்தைத் தாங்கவேண்டும் என்பதற்குப் பொறியியலாளரிடம் ஒழுங்கான அளவுகள் உண்டு. நம் நாட்டவர் நெடுங்காலம் பின்பற்றிய பிரித்தானிய நியமத்தின்படி, வசிக்கும் அறையின் தரை ஒரு சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூற்றன், அதாவது 150 கிலோகிராமளவு பாரத்துக்கு அமைக்கப்படும். எம் தொட்டியோ ஒரு சதுர மீற்றருக்கும் குறைவான இடத்தில் 700 கிலோகிராமை வைக்கின்றது. சதுர மீற்றர்க் கணக்கில் 780 ஆகும்; விதித்த அளவின் ஐந்து மடங்கு. இதைக் கேட்டவுடன் தரை அந்தக் கணமே இடிந்துவிழும் என்று அஞ்சவேண்டியதில்லை. அறை முழுவதற்கும் விதித்த பாரம் அது. தொட்டியோ ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொள்வது. திருமண வீட்டில் பன்னிரண்டு பேர் ஒரு மூலையில் நெருங்கி நின்று புகைப்படம் எடுக்கின்றனர், தரை தாங்குகின்றது. ஆனால் அந்தப் பன்னிருவரும் படமெடுத்தபின் கலைந்துவிடுவர். மீன்தொட்டி கலையாது. இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில், அதே இடத்தில் அசையாமல் நிற்கும்.

மரத்தின் குணம் இங்கேதான் கவனிக்கத்தக்கது. இரும்பைப் போல் அன்றி, மரம் நின்று நிலைக்கும் பாரத்துக்கு மெல்ல மெல்ல இணங்கிக் கொடுக்கும். பாரம் ஏற்றிய அன்று ஒரு பங்கு தாழ்ந்த மரம், அப்பாரம் நீங்காதிருந்தால் சில ஆண்டுகளில் இரண்டு பங்கு தாழ்ந்திருக்கும். சோதனைச்சாலையில் சில நிமிடம் தாங்கிய பாரத்தில் ஐந்தில் மூன்று பங்கையே நெடுங்காலம் தாங்கும் என்று கொள்வது பொறியியலாளர் வழக்கம். பழைய புத்தக அலுமாரிகளின் தட்டு நடுவே தொய்ந்திருப்பதைக் கண்டவர் இதனைக் கண்ணாரக் கண்டவராவர்.

இனி, தொட்டியை எங்கே வைப்பது? மகன் முதலில் விரும்பியது அறையின் நடுவிடம். நாற்புறமும் சுற்றி நின்று பார்க்கலாமாம். நாம் வகுப்பிற் கற்பிக்கும் திருப்பக் கணக்கையே அவனுக்குப் போட்டுக்காட்டினோம். பன்னிரண்டு அடித் தீராந்தியின் நடுவில் ஒரு பாரத்தை வைத்தால், அது மரத்தை வளைக்கும் திருப்பம் பாரத்தின் மூன்று மடங்கு அடி. அதே பாரத்தைச் சுவரிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி வைத்தால், அத்திருப்பம் ஒன்று தசம் ஒன்று மடங்கு அடியாகக் குறைந்துவிடும். மூன்றில் ஒரு பங்கைச் சிறிதே மிஞ்சும், அவ்வளவுதான். தாழ்வும் அப்படியே. தொட்டியைத் தீராந்திகளுக்குக் குறுக்கே வைத்து நான்கு மரங்கள் பங்கிட்டுக்கொள்வதாகக் கணித்தபோது, நடுவிடத்தில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் தாழ்வு. சுவரோரத்தில் 3 மில்லிமீற்றருக்கு உட்பட்டது. தீராந்திக்கு இணையாக நீளவாட்டில் வைத்தாலோ, ஒன்று அல்லது இரண்டு மரமே முழுப் பாரத்தையும் சுமக்க நேரும். இதைப் புரிந்துகொள்ள மகனுக்கு ஐந்து நிமிடமும் எடுக்கவில்லை. கிழக்குச் சுவரோரம் என முடிவாயிற்று.

ஆனால் பொறியியலாளர் அங்கே ஒரு முடிச்சைக் காட்டினார். சுவரோரத்தில் வைத்தால் மரம் வளைவது குறையும், உண்மை. அப்படியானால் அந்தப் பாரம் எங்கே போகின்றது? பத்தில் ஒன்பது பங்கு, அந்தப் பக்கச் சுவருக்குட் செருகியிருக்கும் தீராந்தியின் நுனிமேல் விழுகின்றது. சுவரோரம் வை என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த அறிவுரை முழுவதும் அந்த நுனிகள் நலமாயிருப்பதைப் பொறுத்தது. நுனிகளோ சுவருக்குள்ளே மறைந்து கிடப்பவை, கண்ணுக்குத் தெரியா.

எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், வந்தார். கீழே அம்மாவின் அறைக்குள் ஏணியை வைத்து ஏறி, உளியின் பின்புறத்தால் ஒவ்வொரு தீராந்தியையும் நடுவிலிருந்து சுவர்வரை தட்டிக்கொண்டே போனார். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் போலக் காதைச் சாய்த்துக் கேட்டார். வடகிழக்கு மூலையை அண்டியதும் கை நின்றது.

"மாஸ்ரர், நடுமரம் எல்லாம் நல்ல வைரம். உந்த மூலைக்கை போற ரண்டு நுனியிலையும் சத்தம் மாறுது."

சுவரைச் சிறிது கொத்திப் பார்த்தார். இரண்டு தீராந்திகளின் நுனியில் ஒரு பக்கம் விரலால் அமுக்க உதிர்ந்தது. மரத்தின் உள்வைரம் நின்றது; வெளிப்புறத்து வெளிறு இருந்த இடத்தை ஈரமும் கறையானும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அந்த ஈரம் எப்போது இறங்கியது என்பதை அவர் கேட்கவில்லை. எமக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறியபோது நாமும் வெளியேறினோம். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் திரும்பி வந்தபோது, வடகிழக்கு மூலையில் ஷெல் விழுந்து ஓடுகள் இல்லை. இடையிலே ஒரு மாரி முழுவதும் அந்த வாயால் மழை உள்ளே இறங்கியிருந்தது. அப்பா ஓட்டை மாற்றினார், சுவரை வெள்ளையடித்தார். சுவருக்குள் இருந்த மரத்தை அன்று யார் பார்ப்பார்? உயிரோடு வந்ததே போதும் என்றிருந்த காலம்.

இவ்விடத்திற் சிறிது விலகிச் செல்வதை வாசகர் பொறுத்தருள்க. தீராந்தி, பாரம் என்னும் சொற்களைக் கேட்கும்போது எமக்குப் பல்கலைக்கழகத்துப் பாடநூல் நினைவுக்கு வருவதில்லை, பங்கர்தான் வருகின்றது. 1990இல் எமக்குப் பத்து வயது. பின்வளவில் ஆளுயரக் குழி வெட்டி, குறுக்கே பனங்குற்றிகளை அடுக்கி, மேலே இரண்டு அடி உயரத்துக்கு மண்மூடை வைத்து அப்பா பங்கர் கட்டினார். விமானச் சத்தம் கேட்டதும் உள்ளே இறங்குவோம். வெளியே நடப்பதைப் பார்க்க வழியில்லாத எமக்குப் பார்ப்பதற்கிருந்தது தலைக்கு மேலேயுள்ள அந்தப் பனங்குற்றிகள் மட்டுமே. கோடையில் அவை நேராகக் கிடக்கும். மாரி தொடங்கி மண் ஊறியதும் நடுவே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். உலர்ந்த மணல் ஒரு கன மீற்றர் 1,600 கிலோகிராமளவு. முற்றாக ஊறினால் 2,000ஐ எட்டும். இந்த எண்களைப் பின்னாளிலே கற்றோம். அன்று அப்பா, ஐப்பசி பிறந்ததும் இரண்டு குற்றிகளை நடுவே தூணாக முண்டுகொடுத்தார். வாசலில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்காலத்திற் பலர் பங்கருக்குத் தண்டவாளம் போட்டனர். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதப் பாதையின் இரும்பும் சிலிப்பர்க் கட்டைகளும் அப்படித்தான் மண்ணுக்குள் இறங்கின. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது புதிய தண்டவாளத்தின் மேல். ஓடாவியாரிடம் பழைய துண்டொன்று இன்னும் கிடக்கிறதாம். "அதைக் குறுக்கை போட்டா யானையும் நிக்கும் மாஸ்ரர்" என்றார். பொறியியலாளர் இணங்கவில்லை. மரத்தோடு மரமே சேரட்டும் என்றார். எமக்கும் அந்த இரும்பை அம்மாவின் அறையில் மீண்டும் காண விருப்பமில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டியிருந்தது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. அறையை மாற்றிக்கொள்ளச் சம்மதியார். அப்பா கண்மூடியது அந்த அறையில். கட்டிலில் இருந்தபடியே கேட்டார்:

"தம்பி, உது என்ரை தலைக்கு மேலையோ வரப்போகுது?"

"இல்லையம்மா. உங்கடை கட்டில் மேற்கு யன்னலடியிலை. தொட்டி கிழக்கை, அலுமாரிக்கு நேர் மேலை."

"அலுமாரிக்குள்ளைதானே அப்பாவின்ரை படங்கள் கிடக்கு."

1995இல் சைக்கிளின் பின்னே ஒரு பையிற் கட்டிக்கொண்டு சென்ற படங்கள் அவை. அம்மா மறுப்புச் சொல்லவில்லை. பேரனைப் பார்த்தார், அவன் வாசற்படியில் நின்றான். "பிள்ளை வைச்சிருக்கட்டும். தூணை வடிவாப் போடு" என்றார். எங்கள் பேச்சில் தூண் என்ற சொல்லே அதுவரை வரவில்லை. பங்கரை அவரும் மறக்கவில்லை என்று அறிந்தோம்.

வேலை பத்து நாள் நடந்தது. பலரும் செய்யும் ஒன்றைப் பொறியியலாளர் தொடக்கத்திலேயே தடுத்தார்: தரைக்கு மேல் இன்னொரு பலகை அடுக்கைத் தைப்பது. அதனால் பாரம் கூடுமேயன்றி விறைப்பு அதிகம் கூடாது. மாணவர் தம் அடிமட்டத்தை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். படுக்கையாகப் பிடித்தால் விரலால் வளையும். நிமிர்த்திப் பிடித்தால் வளையாது. மரத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்காகும். எம் மூன்றுக்கு ஆறு அங்குலத் தீராந்தியை யாரேனும் படுக்கையாக வைத்திருந்தால், அதன் வலிமை பாதியாகவும் விறைப்பு காற்பங்காகவும் போயிருக்கும். பாட்டனாரின் தச்சர் இந்தக் கணக்கைப் போட்டிருக்கமாட்டார். ஆனால் மரத்தை நிமிர்த்தியே வைத்தார்.

பழுதான நுனிகளுக்கு முதலில் வைத்தியம். இற்ற பகுதியைச் செதுக்கி நீக்கி, கறையான் மருந்து தடவி, ஒவ்வொரு தீராந்திக்கும் இரு பக்கமும் நாலு அடி நீளமான புதிய மரத்தை அணைத்து, ஊடுருவித் துளைத்துப் போல்ற் பூட்டினர். சுவரிலுள்ள குழியை மேசன் சீமெந்தால் அடைக்கப் புறப்பட்டபோது ஓடாவியார் கையைப் பிடித்துக்கொண்டார். சீமெந்து ஈரத்தைச் சிறைபிடித்து வைக்கும், சுண்ணாம்பு மூச்சுவிடும். மரநுனியைச் சுற்றிச் சிறிது காற்றுக்கு இடம்விட்டு, சுண்ணாம்புச் சாந்தாலேயே சுவர் மூடப்பட்டது. இந்த ஒரு விடயத்தில் பட்டம் பெற்ற பொறியியலாளரும் பட்டம் பெறாத ஓடாவியாரும் ஒரே குரலிற் பேசினர். மேசன் மட்டும் முறைத்துக்கொண்டார்.

அதன் பின்னரே முக்கிய வேலை. தொட்டியின் நடுக்கோடு வரும் இடத்திற்கு நேர் கீழே, சுவரிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி, நான்கு தீராந்திகளையும் ஏந்தும்படி குறுக்குமரம் ஒன்று. பிரித்த பழைய வீடொன்றிலிருந்து வாங்கிய பாலைமரம். நாலு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். பாலை என்றால் புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டையாகப் போட்ட மரம். அதன் உறுதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அக்குறுக்குமரத்தின் இரு முனைகளிலும் இரு தூண்கள். பாரத்துக்கு நேர் கீழே தாங்கல் வந்துவிட்டதால் தீராந்திகள் வளைய வேண்டிய தேவையே பெரும்பாலும் அற்றுப்போயிற்று. நோயுற்ற நுனிகளும் ஓய்வு பெற்றன. 700 கிலோகிராம் இப்போது மரத்தை வளைக்காமல் தூண் வழியே நேரே மண்ணுக்கு இறங்குகின்றது.

மண்ணுக்கு இறங்குவதென்றால் அங்கேயும் இடம் ஒழுங்காயிருக்கவேண்டும். அறையின் சீமெந்துத் தரை இரண்டு அங்குலத் தடிப்பே. அதன்மேல் தூணை நிறுத்தினால் துளைத்துக்கொண்டு போகும். இரு குழிகள் வெட்டினோம். இரண்டு அடியில் பாரை வெள்ளைப் பாறையில் மோதியது. யாழ்ப்பாணத்தார் கிணறு வெட்டும்போது வைகின்ற அந்தச் சுண்ணப்பாறையை அன்று ஒருவர்கூட வையவில்லை. ஒன்றரை அடிச் சதுரமாகக் கொங்கிறீற் போட்டு, அது இறுக ஏழு நாள் சாக்கு நனைத்துப் போட்டு வைத்தோம். அம்மா கட்டிலில் இருந்தபடியே சாக்குக் காயாமல் பார்த்துக்கொண்டார்.

தூண்கள் நின்றதும் அலுமாரியை அவற்றுக்கிடையே தள்ளி வைத்தோம். ஓர் அங்குல இடைவெளியில் அது பொருந்திக்கொண்டது.

தொட்டியை மேலே ஏற்றியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆறு பேர், ஒரு வளைந்த படிக்கட்டு, எம் மனைவியின் ஓயாத எச்சரிக்கை. இரும்புத் தாங்கியின் கால்கள் பாரத்தைப் புள்ளிகளாகத் தரையிற் குத்துமாகையால், அவற்றின் கீழே தடித்த பலகையொன்று இட்டோம். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் ரெஜிபோம் தகடு ஒன்று. சிறிய மேடுபள்ளங்களை அது விழுங்கிக்கொள்ளும். தாங்கி மட்டமில்லாவிட்டால் கண்ணாடி முறுகும். முறுகினால் மூலைகளை ஒட்டிய சிலிக்கோன் ஒரு நாள் கைவிடும். மீன்தொட்டி உடைவதற்குத் தரை இடியவேண்டும் என்பதில்லை; தரை ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலே போதும். எம் மகனுக்கு இந்த ஒன்று மட்டும் திகிலை ஊட்டிற்று. மட்டக்குழாயை வைத்து நாலு மூலையையும் எத்தனை முறை பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை.

தண்ணீரை ஒரேயடியாக நிரப்பவில்லை. நாளுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று நாள். கீழறையிலே தரையிலிருந்து தீராந்தியின் அடிவரை அளவாக வெட்டிய ஒரு கம்பை நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் இடைவெளியை அளந்தோம். முதல் நாள் மாற்றமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் முழுப் பாரமும் ஏறியபின் ஒரு மில்லிமீற்றர். புது மூட்டுகள் இறுகிக்கொள்வதால் வருவது அது என்று பொறியியலாளர் கூறினார். அன்றிரவு வழக்கத்தைவிட நாம் குறைவாகவே உறங்கினோம். இரண்டு முறை எழுந்து விளக்குடன் அம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தோம். இரண்டாம் முறை அம்மா விழித்திருந்தார். "நீ போய்ப் படு. அது நிக்கும்" என்றார்.

மீன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருமகன் வளர்த்தவற்றிற் பாதி இந்நாட்டுக்கே உரிய செரி பார்ப் என்னும் சிறு மீன்கள். இரண்டு அங்குலத்தை மிஞ்சாதவை. ஆண் மீன் நன்கு பழுத்த செரிப்பழ நிறமாகும். தென்மேற்கின் நிழல் படர்ந்த நீரோடைகளில் வாழும் இம்மீனை 1929இல் உலகுக்கு விவரித்தவர் பி. இ. பி. தெரணியகல. எம்மூர்க் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. அந்த ஓடை மீன்களுக்கு அது ஒவ்வாது. ஆகவே மகன் மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்துப் பரணியில் வைத்துக் கலந்து ஊற்றுகின்றான். 1850களில் இலண்டனில் அக்குவேரியம் என்ற சொல்லே புதிதாயிருந்தது. 1853இல் அந்நகர் விலங்கியற் பூங்காவில் மக்கள் வரிசையில் நின்று கண்ணாடிக்குப் பின்னாலுள்ள மீனைப் பார்த்தனர். இன்று எம் அயற்பிள்ளைகள் எம் படிக்கட்டில் வரிசையில் நிற்கின்றனர். கீழே வகுப்புக்கு வரும் மாணவரும் இடைவேளையில் மேலே ஓடுவதால், ஒரு தடவைக்கு ஐந்து பேர் என்று மனைவி கட்டளை பிறப்பித்துள்ளார். அதுவும் பாரக் கணக்கைக் கேட்டபின்பே.

ஞாயிறு தோறும் மகன் கைத்தொலைபேசியைத் தொட்டிக்கு முன் நிறுத்துகின்றான். அங்கே அதிகாலை; மருமகன் போர்வைக்குள் இருந்தபடி மீன்களை எண்ணுகின்றான். சென்ற தையில் குஞ்சு பொரித்தபோது இருவருக்கும் எண்ணிக்கையில் ஒருமைப்பாடு இல்லை.

அம்மாவால் படியேற முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மகன் கம்பை எடுத்துக்கொண்டு அவரது அறைக்குள் வந்து அளக்கும்போது, மேலேயுள்ளவற்றின் சுகத்தை விசாரிப்பார். ஆறு மாதத்தில் ஒன்று இரண்டாயிற்று. அதன்பின் இரண்டு மில்லிமீற்றரிலேயே நிற்கின்றது. அந்த அளவுகளையெல்லாம் திகதியிட்டு வடக்குத் தூணிலே பென்சிலால் அவன் எழுதி வருகின்றான். தெற்குத் தூணை அம்மா எடுத்துக்கொண்டார். ஓடாவியாரைக் கேட்டு அதிலே ஓர் ஆணி அடிப்பித்து, திருநீற்றுப் பையைத் தொங்கவிட்டிருக்கிறார்.